சிவனு அண்ணன் அரைத்த அம்மா சம்பல்

செவ்வாய்க்கிழமை காலையில் சிவனு அண்ணனின் சின்ன மகள் யோகம் போன் செய்தாள். "மாமா, அப்பா தவறிட்டாரு" என்றாள். அவள் பக்கம் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அன்னூரிலிருந்து கிளம்பி, மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறிக் கீழ் கோத்தகிரி போய்ச் சேர்வதற்குள் மதியமாகிவிட்டது. தேயிலைத் தொழிற்சாலையில் எங்களோடு வேலை பார்த்தவர்களில் நடமாட முடிந்த எல்லோரும் வந்திருந்தீர்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது, அண்ணனைப் பற்றி நாலு வரி எழுதக் கூடாதா என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். இலை வாட்டும் மாடியில் சிவனு அண்ணன் எப்படி வேலை செய்தார் என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய அடுப்படி எனக்குத்தான் அதிகம் தெரியும். ஆகவே அதையே எழுதுகிறேன்.

அவர் இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டு, இன்னார் அங்கே இருக்கலாம், இன்னார் இந்தியாவுக்குப் போக வேண்டும் என்று ஆட்களைப் பிரித்த காலத்தில் அவருக்கு இந்தியா என்று வந்தது. அவர் மனைவி மீனாட்சி அக்காவின் பெயரோ, கல்யாணத்துக்கு முன்பே அக்காவின் தகப்பனார் இலங்கைக் குடியுரிமை கேட்டுக் கொடுத்திருந்த மனுவில் இருந்தது. அதை மாற்றித் தரும்படி கேட்டதற்குப் பதிலே வரவில்லை. அதற்குள் அண்ணனுக்கு விசா முடிந்துவிட்டது. பிள்ளைகள் இரண்டு பேரும் அவருடைய பாஸ்போர்ட்டில் இருந்தார்கள். நீங்கள் போங்கள், பேப்பர் வந்ததும் அடுத்த கப்பலில் வந்துவிடுகிறேன் என்று மீனாட்சி அக்கா சொல்லியிருக்கிறார். மூத்தவள் லீலாவைக் கையில் பிடித்துக்கொண்டு, பால் மறந்து சில மாதங்களே ஆகியிருந்த யோகத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, அண்ணன் தலைமன்னாரில் கப்பல் ஏறினார். மண்டபம் முகாமில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு நம் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்.

நான் அப்போது தொழிற்சாலையில் ஃபிட்டர். கல்யாணம் ஆகவில்லை. பஜாரில் இருந்த ஒரே ஓட்டலில்தான் சாப்பாடு. ஐப்பசி மழையில் ரோடு சரிந்து, சாமான் வராமல் ஓட்டலை மூடிவிட்டார்கள். வேலை முடிந்து, என்ன செய்வது என்று தெரியாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அதுவரை என்னிடம் அதிகம் பேசாதிருந்த சிவனு அண்ணன் சாக்கைத் தலையில் போட்டபடி பக்கத்தில் வந்து நின்றார்.

"இந்த மழையில எங்க போவீங்க தம்பி? வாங்க, காம்பராவுல என்னா இருக்குன்னு பாப்போம்."

சாப்பிட வாருங்கள் என்று அவர் கூப்பிடவில்லை. என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், அவருக்கு இருந்த அந்த அறைக்குப் போய்ப் பார்த்தால், பாதி முட்டைக்கோசும் கொஞ்சம் கோதுமை மாவும் இரண்டு உருளைக்கிழங்கும் இருந்தன. கோசைப் பொடிப்பொடியாக அரிந்து, உப்புப் போட்டுப் பிசறி, அது தண்ணீர் விட்டதும் அந்த ஈரத்திலேயே மாவைக் கொட்டிப் பிசைந்தார். உள்ளங்கையில் வைத்துத் தட்டித் தடிமனான ரொட்டியாகக் கல்லில் போட்டார். எங்கள் பக்கம் இதில் தேங்காய்ப்பூதான் போடுவோம் என்றார். "இங்க தேங்கா மலையேறி வர்றதுக்குள்ள பெரிய மனுசனாயிடுது தம்பி. நம்மள மாதிரி ஆளுங்க வீட்டுக்கெல்லாம் வரமாட்டேங்குது."

மறுநாளும் ரோடு திறக்கவில்லை. அதற்கு மறுநாள் திறந்தது. ஆனாலும் நான் ஓட்டலுக்குத் திரும்பிப் போகவில்லை.

யோகம் அந்த நாட்களில் சரியாகவே சாப்பிட மாட்டாள். வாயில் வைத்ததைத் துப்பிவிட்டு, அம்மா, அம்மா என்று சிணுங்குவாள். கொஞ்ச காலத்தில் அவள் கேட்பது ஆளையா, வெறும் சொல்லையா என்று எங்களுக்கே புரியாமல் போயிற்று. மீனாட்சி அக்காவின் கைக்குத் தேங்காய்ச் சம்பல் அவ்வளவு நன்றாக வருமாம். தேங்காய், வெங்காயம், மிளகாய், மாசிக் கருவாடு, எலுமிச்சை. இதில் பாதி இங்கே கிடையாது, கிடைத்தாலும் வாங்க முடியாது. கிடைத்தது கேரட். ஒருநாள் அண்ணன், சந்தை முடிந்து கழித்துப் போட்ட உடைந்த கேரட்டைத் துண்டில் கட்டிக்கொண்டு வந்தார். துருவ ஒன்றும் இல்லை. நான் ஒர்க்ஷாப்பில் ஒரு பிஸ்கட் டின் மூடியில் ஆணியால் வரிசையாக ஓட்டை போட்டுக் கொடுத்தேன். கேரட்டைத் துருவி, சின்ன வெங்காயமும் காய்ந்த மிளகாயும் வைத்து அம்மியில் ஒன்றிரண்டாக நைத்தார். சுட்ட நெத்திலிக் கருவாட்டை நுணுக்கிச் சேர்த்தார். புளிப்புக்கு எலுமிச்சை இல்லை. லயத்துக்குப் பின்னால் நின்ற மரத்தக்காளியில் ஒன்றைப் பறித்துத் தணலில் வாட்டித் தோலை உரித்துப் பிசைந்துவிட்டார். யோகத்துக்கு மட்டும் காரத்தைக் குறைத்து, சோற்றில் பிரட்டி உருட்டி, "இந்தா, அம்மா சம்பல்" என்று நீட்டினார். அவள் சாப்பிட்டாள். இன்னொரு உருண்டைக்கு வாயைத் திறந்தாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்குப் பெயர் அம்மா சம்பல்தான். கேரட் இல்லாத வாரம் முள்ளங்கியிலும் செய்வார், பீட்ரூட்டிலும் செய்வார். நிறம் மாறினாலும் பெயரை மாற்ற மாட்டார்.

ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் எங்கள் வீட்டு நிலக்கடலையை ஒரு பை கொண்டு வருவேன். அதை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, மஞ்சளும் பச்சை மிளகாயும் கீறிப்போட்டு, மேரக்காய் என்கிற சௌசௌவை வேகவைத்து ஒரு சொதி வைத்தார். தேங்காய்ப்பால் இல்லாமல் சொதியா என்று நான் கேட்டதற்கு, சொதிக்குக் கண்ணா தெரியுது என்றார். எனக்குத் தெரிந்து அவர் ஒரே குழம்பை இரண்டு தடவை ஒரே மாதிரி வைத்தது கிடையாது. பழைய ரொட்டி மிஞ்சினால் பிய்த்துப் போட்டு, கோசும் வெங்காயமும் சேர்த்து, முட்டை இருந்தால் உடைத்து ஊற்றிக் கல்லிலேயே கொத்திக் கொடுப்பார். தட்டைக் கையில் கொடுக்கும்போது மட்டும் மீனாட்சி அக்காவின் பேச்சு வந்துவிடும். அம்மா இதில் சீரகம் கூடப் போடும். அம்மா காரம் சாப்பிட்டால் மூக்கின் நுனி மட்டும் வேர்க்கும். அம்மா வெறும் தேத்தண்ணியைச் சீனியைக் கடித்துக்கொண்டுதான் குடிக்கும். நான் பார்த்தேயிராத ஒருவரைப் பற்றி எனக்கு இவ்வளவும் தெரிந்திருந்தது.

ஆம்பளை அம்மி அரைக்கிறான் என்று லயத்தில் சிரித்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூடலூர்ப் பக்கம் குடியேறியிருந்த சொந்தக்காரர் ஒருவர், இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு எத்தனை காலம் இப்படி, நம் சனத்திலேயே ஒரு பெண் இருக்கிறது என்று பேச்செடுத்துக்கொண்டு வந்தார். அண்ணன் அவரை உட்கார வைத்து வயிறாரச் சாப்பாடு போட்டார். கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது சொன்னார்: "எம் பொஞ்சாதி அக்கரையில உசுரோட இருக்கா மாமா. நீங்க இன்னொருக்கா வாங்க, சாப்பிட வாங்க. இந்தப் பேச்சுக்கு வராதீங்க."

இரண்டு வருஷம் மூன்றாகி, மூன்று ஐந்தாயிற்று. அக்கரையில் கலவரம் மூண்டு, தோட்டங்களில் லயங்களைக் கொளுத்துகிறார்கள் என்ற சேதி வந்த சாயங்காலம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றும் அண்ணன் அடுப்பைப் பற்றவைத்தார். அரிசியும் அவரையும் போட்டு ஏதோ கிண்டினார். உப்பே போடவில்லை. யாரும் சொல்லவில்லை. லீலாவுக்கு விவரம் தெரியும் வயது. அம்மா சாப்பிட்டிருக்குமா அப்பா என்று கேட்டாள். அவர் அவள் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார். "சாப்பிட்டிருக்கும். நீ சாப்பிடு" என்றார். தன் தட்டில் இருந்ததை என் தட்டில் தள்ளிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அக்கா உயிரோடு இருக்கிறார் என்று தெரிய அதன் பிறகு இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் அம்மாவைப் பற்றிப் பேசாமல் அவர் ஒரு வேளைகூடப் பரிமாறியதில்லை.

பேப்பர் ஒருவழியாக வந்தது. அண்ணன் லீவு போட்டு மண்டபம் போய் மீனாட்சி அக்காவைக் கூட்டிவந்தார். ஒரு தகரப் பெட்டி, ஒரு சாக்குப் பை. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அக்கா லீலாவைக் கட்டிக்கொண்டு அழுதார். யோகம் என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டாள். கையைப் பிடித்து இழுக்காமல், அவளைப் பார்த்தபடியே அக்கா வீடுவரை நடந்து வந்தார்.

அன்று சாயங்காலம் தானே சமைப்பதாகச் சொல்லி அக்கா அடுப்படிக்குள் போனார். சாக்குப் பையில் தேங்காயும் ஒரு பொட்டலம் மாசியும் கொண்டுவந்திருந்தார். ராமேஸ்வரத்தில் இறங்கியதும் தேங்காயைத்தான் முதலில் வாங்கினாராம். அண்ணன் நடையில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை வருஷத்தில் அடுப்பு எரியும்போது அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். என்னையும் இருந்து சாப்பிடச் சொன்னார்கள். சிவக்கச் சிவக்கத் தேங்காய்ச் சம்பல், ரொட்டி, பருப்பு. யோகத்தின் தட்டில் சம்பலை வைத்து, சாப்பிடு தங்கம், அம்மா சம்பல் என்றார் அக்கா.

யோகம் ஒரு வாய் வைத்தாள். தட்டைத் தள்ளிவிட்டாள். "இது அம்மா சம்பல் இல்ல" என்றாள்.

லீலா தங்கையின் தொடையைக் கிள்ளினாள். அண்ணன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அக்காவின் முகம் போன போக்கைப் பார்க்க முடியாமல் நான் விளக்கைப் பார்த்தேன். அக்காதான் கேட்டார். சத்தம் போடவில்லை. "அப்ப அம்மா சம்பல் எப்படி இருக்கும் தங்கம்?"

ஆரஞ்சுக் கலரில் இருக்கும், புளிக்கும், அப்பா செய்வார் என்று யோகம் சொன்னாள்.

அண்ணன் எழுந்தார். கேரட்டைக் கழுவித் துருவினார். அம்மியில் நைத்தார். மரத்தக்காளியை வாட்டினார். நாங்கள் எல்லோரும் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அவர் அதைக் கொண்டுவந்து யோகத்தின் தட்டில் வைக்கப் போனபோது, அக்கா தன் தட்டை நீட்டினார். ஒரு வாய் எடுத்து மென்றார். இன்னொரு வாய் எடுத்தார். மூக்கின் நுனியில் வேர்த்தது. லீலா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என் பேரச் சொல்லி இத்தன வருசமா இதையா ஊட்டுனீங்க?" என்றார் அக்கா.

"உன் பேரச் சொன்னாத்தான் சாப்பிட்டா" என்றார் அண்ணன்.

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. யோகம் எழுந்து பக்கத்தில் போய் நின்று, காரமா இருக்கா, தண்ணி வேணுமா என்று கேட்டாள். அவளாக அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

எல்லாம் அன்றே சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். யோகம் அவரை வாய் நிறைய அம்மா என்று கூப்பிட ஒரு மழைக்காலம் ஆயிற்று. அதுவரை, "இந்தாங்க", "அவங்க" என்றுதான் ஓட்டினாள். அண்ணன் அடுப்படிப் பக்கம் போவதையே நிறுத்தினார். பிள்ளைகள் அவளிடம் கேட்டு வாங்கிச் சாப்பிடட்டும் தம்பி என்றார். ஆனால் அக்கா அவரை விடவில்லை. எனக்கு இந்த ஊர்க் காய் எதுவும் பழக்கமில்லை, வந்து நில்லுங்கள் என்று கூப்பிடுவார். நான் கல்யாணமாகித் தனிக் குடித்தனம் போகும்வரை, சாயங்காலங்களில் அந்த இரண்டு பேரும் ஒரே அடுப்புக்கு முன்னால் குந்தி, மேரக்காயை வைத்துக்கொண்டு வழக்காடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதைப் போல் மனசு நிறைந்து நான் கேட்ட பேச்சு குறைவு.

அண்ணனைக் கடைசியாகப் பார்த்தது போன மாசி மாதத்தில். அவர் படுத்த நோய்க்குப் பார்த்த வைத்தியத்தில் நாக்கின் ருசி அடியோடு போய்விட்டது. உப்பும் தெரியாது, உறைப்பும் தெரியாது. சாப்பாடு இறங்குவதில்லை என்று யோகம் சொல்லியிருந்தாள். நான் போன வேளைக்கு அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிக்கொண்டிருந்தார்.

"இப்ப என்னா குடுத்த?" என்று கேட்டார் அண்ணன்.

"பீன்ஸும் கெழங்கும்."

"உப்பு சரியா இருக்கா?"

அக்கா தன் வாயில் கொஞ்சம் போட்டுப் பார்த்தார். "சரியா இருக்கு. பீன்ஸுதான் கொஞ்சம் முத்தல்."

அண்ணன் கண்ணை மூடி, அதை அப்படியே நம்பி, மெதுவாக மென்று விழுங்கினார். அடுத்த வாய்க்கும் கேட்டார். அக்கா அதற்கும் சாப்பிட்டுப் பார்த்துச் சொன்னார். நான் வந்திருப்பதைக்கூட இருவரும் கவனிக்கவில்லை. தட்டு காலியாகும்வரை வாசலிலேயே நின்றிருந்தேன்.

அவர் செய்ததையெல்லாம் என் வீட்டில் செய்து பார்த்திருக்கிறேன், கிட்டத்தட்ட வரும். அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, மனைவி சொன்ன ருசியை நம்பி ஒரு தட்டுச் சோற்றையும் சாப்பிட்டு முடித்த அந்த முகத்தை.