அப்பாவின் தலை யார் கையில்

எங்கள் சலூனில் இரண்டு நாற்காலிகள். கதவோரம் இருப்பது அப்பாவுடையது. உள்ளே இருப்பது அண்ணனுடையது. நடுவில் மேசை போட்டு நான். இந்த இருவருக்கும் இடையில் ஆறு வருடம் காலம் தள்ளியதற்கே எனக்கு ஏதாவது பட்டம் தரலாம்.

அப்பாவிடம் வருகிறவர்கள் நேரம் கேட்டுக்கொண்டு வருவதில்லை. வந்து, பேப்பரை விரித்து, முறை வரும்வரை ஊர்வம்பு பேசுவார்கள். சிலர் முடி வெட்டி முடித்த பிறகும் எழுந்து போகமாட்டார்கள். அண்ணனிடம் வருகிறவர்கள் போனில் என்னிடம் நேரம் வாங்கி, காதில் எதையோ மாட்டிக்கொண்டு வந்து, ஒரு போட்டோவைக் காட்டிவிட்டு உட்காருவார்கள். அண்ணன் மெஷினை எடுத்தால் புல் வெட்டுகிறான் என்று அப்பா முணுமுணுப்பார். அப்பா எல்லோருக்கும் ஒரே தலையைத்தான் வைத்து அனுப்புகிறார் என்பான் அண்ணன். இரண்டும் உண்மை என்பதால் நான் வாயைத் திறப்பதில்லை.

இதெல்லாம் வெறும் வாய்ச்சண்டை. அண்ணனை உள்ளூர அரித்தது வேறு. இத்தனை வருடத்தில் அப்பா ஒருநாள்கூட அவன் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, கடை விடுமுறையன்று, இரண்டு பஸ் மாறி நெட்டை மாமா கடைக்குப் போய்த்தான் முடி வெட்டிக்கொள்வார். இருவரும் ஒரே கடையில் தொழில் பழகியவர்கள். முன்பெல்லாம் மாமா வெட்டி அனுப்பினால் அப்பாவுக்குப் பத்து வயது குறைந்திருக்கும். ஒரு வருடமாக ஒரு கிருதா காதுக்கு மேலே, இன்னொன்று காதுக்குக் கீழே. பிடரியில் படிக்கட்டு. ஒருமுறை காதில் பிளாஸ்திரி. சுற்றிலும் கண்ணாடி வைத்த கடையில் நாள்முழுக்க நின்றுகொண்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்பார்.

அப்பாவின் தலையை மகன்தான் வெட்டினானா என்று வாடிக்கையாளர் ஒருவர் கேட்டேவிட்டார். அண்ணன் முகம் சுண்டிப்போனது. அன்று சாயங்காலம், பெரிய கடை ஒன்றில் தன்னைக் கூப்பிட்டிருப்பதாகவும், வாரக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் என்னிடம் சொன்னான்.

"ஊரே எங்கிட்ட தலையைக் குடுக்குது. பெத்த அப்பாவுக்கு மட்டும் நம்பிக்கை இல்ல. அப்புறம் நான் இங்க எதுக்கு?"

எனக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது.

அடுத்த விடுமுறையன்று அப்பாவுக்கு முழங்கால் வலி. அப்போதும் போயே தீருவேன் என்றார். நான்தான் அண்ணனை நச்சரித்து பைக்கில் கொண்டுபோய் விடச் சொன்னேன். உம்மென்று போனான். அங்கே நடந்தது அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மாமா தேய்த்த சட்டை போட்டு, தோளில் வெள்ளைத் துணியோடு வாசலிலேயே நின்றாராம். அலமாரியெல்லாம் தூசு. கத்தரிக்கோல் மட்டும் பளபளவென்று இருந்ததாம். அப்பாவை உட்காரவைத்து, காது எங்கே இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சீப்பை வைத்தாராம். பார்வை அந்த அளவுக்குப் போயிருந்தது.

"பசங்க கடையை மூடச் சொல்றாங்க தம்பி. எப்படி மூடுறது? உங்கப்பன் வேற யாருகிட்டயும் தலையைக் குடுக்கமாட்டேங்கிறானே," என்று அண்ணனிடம் பெருமையாகச் சலித்துக்கொண்டாராம்.

அப்பா தூங்குகிறவர்போலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாராம்.

அண்ணன் தன் முடியை எப்படிப் பேணுவான் என்பது எங்கள் வீட்டில் காலையில் குளியலறைக்குக் காத்து நிற்கிறவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவன், அப்பா எழுந்ததும் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்து, தனக்கும் வெட்டிவிடச் சொல்லியிருக்கிறான்.

இருவரும் வீட்டுக்குள் நுழைந்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணன் தலை எலி கொறித்த மாதிரி இருந்தது. விஷயம் தெரிந்ததும் சிரிப்பு நின்று, அப்பாமேல் பட்ட கோபத்துக்கு வெட்கமாகிவிட்டது. கூடவே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த மனிதருக்கு என்ன குறைந்துபோயிருக்கும் என்று புதுக் கோபமும் வந்தது. பெரிய கடைக்கு என்ன பதில் என்று அண்ணனிடம் கேட்டேன். இந்தத் தலையோடு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்றான். வரவில்லை என்று அன்றே போன் செய்தும் சொல்லிவிட்டான்.

மறுநாள் கடையைத் திறந்ததும் அப்பா அண்ணனைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, பொறுமையாகச் சரிசெய்தார். அண்ணன் போட்டோ எதையும் காட்டவில்லை. பிறகு அப்பா துணியை உதறி மடித்து வைத்துவிட்டு, உள்ளே நடந்துபோய் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணன் மெஷினை எடுத்தான். கீழே வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தான்.

"உன் இஷ்டத்துக்கு வெட்டு," என்றார் அப்பா. பிறகு கண்ணாடியில் அவனைப் பார்த்துச் சொன்னார்: "ஆனா அடுத்த தடவை நெட்டை தடவிப் பாத்தா தெரியக்கூடாது."