மூடிக்குள் வைத்த பொட்டு

விறகடுப்புக்கு எதிரே, சுவரில் சாய்த்து வைத்த சாம்பல் நிறத் தகர மூடி ஒன்று இருக்கிறது. அதன் உட்பக்கத்தில் ஒரு குங்குமப் பொட்டு. அதை வைத்தது என் மோதிர விரல்.

குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் நான் விறகு போடுகிறவன். நான்காம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் பேச வராது. தேயிலையை உலர்த்த நாள் முழுக்க மரம் எரிய வேண்டும். சில வருடங்களுக்கு முன், பாதி விறகில் அதே சூட்டைத் தரும் எந்திரம் ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்தது. புகை குறைந்தது, என் இருமலும் குறைந்தது. கம்பெனி ஆள் தவிர யாரும் அதன் மூடியைத் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

ஆனால் ஆயுத பூஜைக்கு எங்களிடம் திறந்து துடைக்காத எந்திரம் கிடையாது. எங்கள் ஃபேக்டரி மெக்கானிக் அண்ணன் அதையும் திறந்து, தேயிலைத் தூசியைத் துணியால் ஒற்றி எடுத்தார். "பொட்டு வெளியே வெச்சாப் போதும் தம்பி, உள்ளே வேண்டாம்" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் திரும்பிய நேரத்தில் மூடியின் உட்பக்கம் ஒன்று வைத்துவிட்டேன். அவர் திருகிய திருகில் திறந்த அடையாளமே தெரியவில்லை.

அடுத்த மழையில் எந்திரம் நின்றது. கம்பெனி இன்ஜினியர் வந்து மூடியைக் கழற்றினார், பொட்டைப் பார்த்தார்.

"யார் திறந்தது?"

"நானுங்க" என்றார் அண்ணன்.

ஒப்பந்தம் முறிந்தது, இனிப் பழுது பார்க்க மாட்டோம் என்றார் இன்ஜினியர்.

"அப்ப அதோட வரைபடத்தையாவது குடுங்க. கோயமுத்தூர் பட்டறையில நானே செஞ்சுக்கறனுங்க."

"காப்புரிமை வெளிநாட்டுக் கம்பெனியோடது. நாடுகள் சேர்ந்து போட்ட வியாபார விதி இருக்கு. வரைபடம் தர முடியாது."

"மரத்த வெட்டாதீங்க, பொகைய விடாதீங்கன்னு சொல்றதும் அந்த நாட்டுக்காரங்கதானுங்களே? புத்திமதி மட்டும் சும்மா குடுப்பாங்களாட்ட இருக்குதுங்க."

இன்ஜினியரே சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற மேனேஜர் சிரிக்கவில்லை. அந்த வாரமே அண்ணனை வேலையை விட்டு அனுப்பினார். பொட்டு வைத்தது நான் என்று சொல்ல வாய் வரை வந்தது. விறகு எடுக்கப் போய்விட்டேன். பஸ் ஏறும்போது அண்ணன் என்னைப் பார்த்து, "விடு தம்பி, தொறந்தது நான்தானே" என்றார். அவ்வளவுதான்.

எந்திரம் பின்பக்கக் கொட்டகையில் துருப்பிடிக்கிறது. பழைய அடுப்பை மறுபடி மூட்டினோம். இருமலும் திரும்பிவிட்டது. மூடியை மட்டும் கேட்டு வாங்கி இங்கே வைத்திருக்கிறேன். பொட்டு தெரியாமல் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடலாம்தான். இன்றுவரை வைக்கவில்லை.