வெங்காயம் தேய்த்த கல்லில் பேன்கேக்

என் மருமகள் ஸ்வீடன்காரி. மகனோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்தவள். கல்யாணம் முடிந்ததும் தொம்மலூரில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். எனக்கு இங்கிலீஷ் வராது, படிப்பு நாலாம் வகுப்போடு சரி. அதோடு கூச்சம் வேறு. ஆபீஸ் கேண்டீனில் பழகின, எனக்கும் புரிகிற கொஞ்சம் கன்னடம் அவளிடம் இருந்தது. வேண்டாம் என்றால் "பேட", வேணும் என்றால் "பேகு". மற்றதெல்லாம் சிரிப்புதான்.

அவள் கர்ப்பமாக இருந்தபோது சோறு வேகிற வாசனைக்கே எழுந்து ஓடினாள். ரசம் வைத்தால் "பேட, அத்தை". இட்லி வைத்தால் "பேட, அத்தை". கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது. தலைப்பிரசவத்துக்கு அனுப்பலாம் என்றால் அவளுக்கு அம்மா இல்லை, கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். இந்தப் பெண் ஒரு வாய் சாப்பிட்டால் போதும் என்பதே எனக்கு நாளெல்லாம் நினைப்பு.

மகனிடம் கேட்டேன்.

"அவங்கம்மா மெல்லிசா ஒரு பேன்கேக் சுடுவாங்களாம்மா. மைதா, பாலு, முட்டை. நம்ம தோசை மாதிரிதான் இருக்கும்."

"தோசை மாதிரியா? அப்ப நானே சுட்டுடுவேனே!"

"உனக்கு வராமலா? தெருவுக்கே சுடுவியே நீ."

மறுநாள் காலையில் அவள் எழுவதற்குள் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து வைத்தேன். கல் காய்ந்தது. மனசு எங்கேயோ இருக்க, கை தன் பாட்டுக்கு வெங்காயத்தை இரண்டாக நறுக்கி, எண்ணெயில் தொட்டு, கல்லில் தேய்த்துவிட்டது. ஊற்றினேன். கரண்டியால் இழுத்தேன். துணி மாதிரி மெல்லிசாக வந்தது. எனக்கே பெருமை.

தட்டைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. ஒரு துண்டு பிய்த்து வாய்க்கருகே கொண்டுபோனாள். அவ்வளவுதான், வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள்.

மகன் தட்டை மோந்து பார்த்தான். "ஏம்மா, வெங்காயம் தேய்ச்சியா?"

"தேய்க்காம எப்படிடா கல்லுல ஊத்துறது?"

"சரியாப் போச்சு. கூட சாம்பாரையும் வச்சிருக்கலாம்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று பகல் முழுக்க அவள் முகத்தைப் பார்க்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவளே வந்து என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப்போனாள். தோசைக்கல்லை ஓரமாக நகர்த்திவிட்டு, ஆம்லெட் போடுகிற கைப்பிடிச் சட்டியை எடுத்தாள். வெண்ணெய் உருகிச் சிவக்கிறவரை பொறுத்து மாவை ஊற்றினாள். கரண்டியால் தொடவே இல்லை. சட்டியைத் தூக்கி மணிக்கட்டைச் சுழற்றினாள், மாவு தானாக ஓடிப் பரவியது.

முதலாவது ஒட்டிக்கொண்டு கிழிந்தது. எங்கள் வீட்டில் முதல் தோசையும் அப்படித்தான், அது அடுப்பங்கரையில் நிற்கிறவளுக்கு. பழக்கத்தில் அதை எடுக்கக் கை நீட்டினேன். அவள் கையும் அதே நேரம் நீண்டது.

"அம்மா," என்றாள். கிழிந்ததைக் காட்டினாள், பிறகு தன் வாயைக் காட்டினாள். அவள் அம்மாவும் முதலாவதைத் தானே தின்பவர் போலிருக்கிறது. இரண்டாகப் பிய்த்து ஆளுக்குப் பாதி தின்றோம்.

சட்டியை என்னிடம் கொடுத்தாள். நானும் சுழற்றினேன். ஒரு பக்கம் கால் முளைத்த மாதிரி வந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தொட்டுக்கொள்ள அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த புளிப்பு ஜாம் எப்போதோ தீர்ந்திருந்தது. தயங்கித் தயங்கி, வெல்லம் போட்ட என் மாங்காய்ப் பச்சடியை எடுத்து வைத்தேன். விரலால் தொட்டு நக்கினாள். புருவம் மேலே போனது. பேன்கேக் முழுக்கத் தடவி, பாய் மாதிரி சுருட்டி, நின்றபடியே தின்று முடித்தாள்.

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்: "போதுமா? இன்னொண்ணு சுடட்டுமா?"

"பேகு, அத்தை," என்றாள் வாய் நிறைய. "பேகு, பேகு."

சட்டியில் வெண்ணெயைப் போட்டேன்.