காளியம்மா வழிமொழிந்த நாள்

அருணையில் சுடராய் நின்று, எங்கள் சவ்வாது மலை முகடுகளுக்கும் ஒளி தருகிற ஈசனின் திருவடிகளை முதலில் நெஞ்சில் இருத்துகிறேன். சொல்லைத் தந்தவன் அவன்; அது பிழையாக வந்தபோதும் நன்மையாக்கித் தந்தவன் அவனே.

பலாப்பழ வாசனை... அந்த மூன்று நாள்களை நினைத்தால் முதலில் வருவது அதுதான். புதூர்நாட்டுச் சமுதாயக் கூடத்தின் பின்னறை முழுவதும் பழுத்த பலா. முன்னறையில் சட்டமன்றம்.

மாதிரிச் சட்டமன்றம்தான். தொண்டு அமைப்பு ஒன்று மலை மக்களுக்காக நடத்திய டிரெயினிங். கலசப்பாக்கத்துக் கோயில்களில் புராணம் சொல்லிக்கொண்டிருந்த என்னைச் சபாநாயகர் ஆக்கினார்கள். ‘சாமிகிட்ட யாரும் எகிற மாட்டாங்க’ என்பது ஒன்றே என் தகுதி.

நெல்லிவாசல்நாட்டார் சாமைக் கட்சி. புதூர்நாட்டார் தேன் கட்சி. நடுவில் ஒரு சீர்திருத்த மசோதா. அதில் பஸ், பள்ளிக்கூடம், பாதை, புளிக் கிடங்கு என்று நான்கு பிரிவுகள். ஒரு கட்சி முன்மொழிவதை மறு கட்சியில் ஒருவர் வழிமொழிய வேண்டும் என்பது விதி. நான்கும் நிறைவேறினால் அதையே எல்லோரும் கையொப்பமிட்டுக் கலெக்டருக்கு மனுவாக அனுப்புவதாக ஏற்பாடு. இல்லையென்றால் டீ குடித்துக் கலைய வேண்டியதுதான்.

பஸ்ஸும் பள்ளிக்கூடமும் முதல் நாளே நிறைவேறின. மற்ற இரண்டும் நகரவில்லை. தேன் கட்சித் தலைவர் கோவிந்தன் புளி வியாபாரி. கிடங்குதான் முதலில் என்றார். சாமைக் கட்சித் தலைவர் மணி, பாதைதான் முதலில் என்றார்.

“உங்க பாதைய மொதல்ல எழுதினா எங்க கெடங்கு காணாம பூடும்.”

“கெடங்கு கட்டி இன்னா பண்ணுவ? உன் மீசைய வச்சிப் பூட்டுவியா?”

இப்படியே இரண்டு நாள் போயிற்று.

சாமைக் கட்சியின் கடைசி வரிசையில் மணியின் அண்ணி காளியம்மா. இரண்டு நாளும் வாயே திறக்கவில்லை. அவருடைய மகளுக்கு ஏழாம் மாதம் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அவர்கள் ஊருக்கு ஜீப் போகாது. ஓடை தாண்டி, பாறை ஏறி நடக்க வேண்டும். பிரசவமென்றால் கம்பில் போர்வையைக் கட்டி, டோலியாகத் தூக்கி வருவார்கள்.

மூன்றாம் நாள் பிற்பகல். என்னையும் தொண்டு அமைப்பினரையும் மலையிலிருந்து கீழே இறக்கும் ஜீப் வாசலில் வந்து நின்றுவிட்டது. கோவிந்தன் கடைசி முறையாகக் கிடங்கை முன்மொழிந்தார். நான் சடங்குபோல் கேட்டேன்: “சாமைக் கட்சியில் வழிமொழிவார் உண்டா?”

காளியம்மா எழுந்தார்.

“நான் வழி மொழியறேன் சாமி.”

எல்லாத் தலைகளும் கடைசி வரிசைக்குத் திரும்பின. அவர் தொடர்ந்தார்:

“எங்க ஊர் வழி கீதே, ஓடைகிட்ட பாற வழுக்கும். போன மழைல டோலி தூக்கினவங்க ரெண்டு பேரு விழுந்துட்டாங்க. எம் பொண்ணயும் அதுலதான் தூக்கணும்...”

மணி தலையில் கை வைத்தார். “இன்னா அண்ணி, அவுங்க கெடங்குக்குப் போய் சரின்னுட்ட?”

“கெடங்கா? ரெண்டு நாளா சாமி வழிய மொழி, வழிய மொழின்னு கேக்குறாரு. நீங்க யாரும் வாய் தொறக்கல. அதான் நான் சொன்னேன்.”

கூடம் சிரித்தது. கோவிந்தன் மட்டும் துள்ளி எழுந்தார். “சொன்னது சொன்னதுதான். எழுதிக்கோங்க சாமி.”

பேனா என் கையில் இருந்தது. அறியாமல் சொன்னதை ஏற்பது முறையன்று என்று தோன்றியது. “தாயே, வழிமொழிவதென்றால் பிறர் கேட்பதற்கு ‘எனக்கும் சம்மதம்’ என்பது. திரும்பப் பெறுகிறீர்களா?”

அவர் சற்று யோசித்தார்.

“கெடங்கு வந்தா எங்க புளியும் அங்கதான வரணும்? இருக்கட்டும் சாமி. நான் அவுருக்கு மொழிஞ்சிட்டேன். அவுரு எனக்கு மொழியட்டும்.”

கோவிந்தன் உட்கார்ந்துவிட்டார். மேல்துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு மெல்ல எழுந்தார்.

“பாதைக்கு நான் வழிமொழியறேன். மொதல்ல அதையே போடுங்க. புளி காத்துனு இருக்கும். கொழந்த இருக்காது.”

மசோதா நிறைவேறியது. கையொப்பங்களும் கைநாட்டுகளுமாக மனு போயிற்று. ஆனால் பாதை உடனே வந்துவிடவில்லை. அந்தப் பெண்ணுக்கு வலி கண்டபோதும் டோலிதான். ஓடைக்கு இப்பால் தன் ஜீப்பை நிறுத்திவிட்டுக் கோவிந்தன் நடந்தே மேலேறினாராம். கம்பின் ஒரு முனைக்கு மணியும் மறு முனைக்கு அவரும் தோள் கொடுத்தார்களாம். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம்.

தமிழ் படித்தவன் என்ற கர்வம் எனக்கு அப்போது உண்டு. வழிமொழிதல் என்பதற்குப் பணிந்து கூறுதல் என்றும் பழைய வழக்கில் ஒரு பொருள் உண்டென்று மேடைகளில் விளக்கியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்குள் ஒரு வழி இருப்பதைக் காளியம்மாதான் கண்டார்.

இன்று அவர் வீட்டு வாசல் வரை ஜீப் போகிறது. அந்த மூன்று நாள் சபை இப்போது ஒரு வாட்ஸ்அப் குழு. நாள் முழுதும் எல்லோரும் முன்மொழிகிறார்கள், மறுப்பவர்களும் நிறைய. சபாநாயகர் என்று அங்கே யாரும் இல்லை... எப்போதாவது காளியம்மாவின் குரல் மட்டும் வரும். யார் என்ன நல்லது சொல்லியிருந்தாலும் அதே நான்கு சொற்கள்:

“நான் வழி மொழியறேன் சாமி.”

இதைப் படித்த உங்களுக்கும் ஈசன் துணை நிற்கட்டும். உங்கள் இல்லத்தில் ஒருவர் கேட்கும் நன்மைக்கு இன்னொருவர் வழிமொழிய, பிள்ளைகளும் பெரியோரும் நலமாய் வாழ்க.