பரீட்சை ஹாலில் ஒரு டம்ளர் தண்ணி

எவர்சில்வர் டம்ளர்களைக் கழுவிக் கவுத்திக்கிட்டே, நடுநடுவுல ஈரக் கையைச் சேலையில துடைச்சு இதை எழுதுறேன். காலேஜ் பரீட்சை ஹாலில் தண்ணி கொடுக்கிற வேலைக்கு வாய் தேவையில்லை. அதனாலதான் எட்டாங்கிளாஸோட நின்ன எனக்கு இது கிடைச்சது. நாலு பேரைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கிற ஆளுகளுக்கு என் பாடு புரியும்.

சன்னல் பார்க்கிற சார்

பையன் தொடைக்கடியில பிட்டை விரிச்சா, காவலுக்கு நிக்கிற பெரிய சார் அப்பத்தான் சன்னல் வழியா வேப்பமரத்தை ரசிப்பார். "காப்பியடிச்சா எழுதிக் கொடுங்க"ன்னு பிரின்சிபால் மீட்டிங்குக்கு மீட்டிங் கெஞ்சுறார். டீ கொடுக்கப் போறப்ப கேட்டிருக்கேன். ஒருநாள் தைரியமா, அதாவது தரையைப் பார்த்துக்கிட்டு, "ஏன் சார் பிடிக்கலை?"ன்னு கேட்டேன்.

"பிடிச்சா அவன் ஒரு நிமிசம் அழுவான் தாயி. நான் பொழுதுக்கும் ஆபீஸ்ல நின்னு பதில் சொல்லணும்."

அக்கா, தண்ணி

மலர் மேடம் புதுசு, உசிலம்பட்டிக்காரவுக. சன்னல் பார்க்கத் தெரியாதவுக. போன வாரம் பிட்டோட ஒருத்தனைப் பார்த்துட்டு விறுவிறுன்னு அவன் பெஞ்சுக்குப் போனாங்க. அவன் கையைத் தூக்கி, "அக்கா, தண்ணி"ன்னான். கூப்பிட்டா ஓடிப் பழகின காலு; மேடத்துக்கு முந்தி நான் போய் நின்னேன். பிட்டை வாயில போட்டான், நான் கொடுத்த தண்ணியை ஊத்தினான், என் கண்ணு முன்னால முழுங்கிட்டான். மேடம் வந்து பார்த்தா வெறுங்கை. அவன் என்னைப் பார்த்துச் சொன்னான்:

"இன்னொரு டம்ளர்க்கா, விக்குது."

எனக்கு வந்த வீரம்

வராண்டாவுல மேடம் சுவத்துல சாஞ்சு நின்னாங்க. "விட்டுருவோம் செல்வி. பிட்டும் இல்லை, சாட்சியும் இல்லை. வீண்பழி போட்டேன்னு திருப்பினாங்கன்னா என் வேலை போயிரும். நான் இன்னும் நிரந்தரம் ஆகலை."

பஸ்ஸுல எங்க ஆனையூர் ஸ்டாப்புல "இறங்கணும்"னு சொல்ல வாய் வராம, அடுத்த ஸ்டாப்புல இறங்கி நடந்து வர்றவ நான். என்ன வேகத்துல சொன்னேனோ, "எழுதிக் கொடுங்க மேடம், நான் பார்த்தேன்ல, சொல்றேன்"னுட்டேன். அவுகளும் கொடுத்துட்டாங்க. ராத்திரி இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் சோத்துக் கையோட சிரிச்சார்:

"ரேஷன்ல சீனி குறையுதுன்னு சொல்லவே என்னைய அனுப்புறவ நீ!"

இன்னைக்கு விசாரணை

காலையில பாப்பாவுக்குத் தலை வாரிக்கிட்டே சாட்சியைச் சொல்லிப் பார்த்தேன். அது கை தட்டுச்சு. பிரின்சிபால் ரூமுல யாரு தட்டுவா? மேடம் உள்ள போய் ரொம்ப நேரமாச்சு. கழுவின டம்ளரையே நான் திரும்பக் கழுவுறேன். ஆபீஸ் அண்ணன் எட்டிப் பார்க்கிறார்: "செல்வி, உன்னையத்தான் கேக்குறாங்க."

பேப்பரை முழுங்கினது அவன், தொண்டை அடைச்சு நிக்கிறது நான். இந்தா வாரேண்ணே, டம்ளரையும் கையிலயே எடுத்துட்டு வாரேன், வாய் வரலைன்னா அவன் அதை எப்படி முழுங்கினான்னு செஞ்சாவது காட்டிருவேன்.