நீராவி தேடிப் போனவள்

நான் வாடகைக்கு எடுத்திருந்த டீசல் டாக்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மின்சார டாக்சிக்கு மாறிய வருடம்தான் என் மனைவி எங்கள் தீவின் வடக்கே செம்பவாங்கில் நிலத்தைத் துளையிடும் குழுவில் சேர்ந்தாள். அவள் நிலவியல் படித்தவள். அங்கே ஒரு வெந்நீர் ஊற்று உண்டு. விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாக முட்டை அவிக்க வருவார்கள். இன்னும் ஆழத்தில் எவ்வளவு சூடு இருக்கிறது, அதிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா என்று பார்ப்பது அந்தக் குழுவின் வேலை.

ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கார்ப்பார்க்கில் வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டு மேலே வந்தால் சீண்டுவாள்.

"ரொம்பப் பெருமைப்படாதீங்க. இங்க கரண்டே கேஸ எரிச்சுத்தான் வருது."

"அப்ப நீ சீக்கிரம் கண்டுபிடி லா."

சூடு இருந்தது. ஆனால் துளையிட்டு முடிந்தபின் எல்லாம் அறிக்கை, கூட்டம் என்று மெதுவாகிவிட்டது. அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள். அப்போதுதான் சுமத்ரா மலைப்பகுதியில் நீராவியால் ஓடும் மின்நிலையம் ஒன்றிலிருந்து இரண்டு வருட வேலைக்கு அழைப்பு வந்தது.

தேக்கா உணவங்காடியில் தோசை சாப்பிடும்போது சொன்னாள்.

"நீங்க வேணாம்னா போகல."

"வேணாம்னு சொல்லிட்டு, தினமும் இந்த மூஞ்சிய யாரு பாக்கிறது?"

சிரித்தாள். பிறகு அழுதாள். பக்கத்து மேசைக்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போனார்.

அவள் போனதும் நான் மாலையில் டாக்சி ஓட்டுவதை நிறுத்தினேன். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகளுக்கு என் ரசம் பிடிக்கவில்லை, ஆனாலும் சாப்பிட்டாள். பள்ளி விடுமுறையில் இருவரும் சுமத்ரா போனோம். முட்டைக்கோஸ் தோட்டங்களுக்கு நடுவே பெரிய குழாய்கள் மலையேறிப் போயின. கந்தக வாடை தாங்காமல் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஹெல்மெட்டோடு நின்ற என் மனைவி ஆட்களிடம் மலாயில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்கு அந்தக் குரல் கிடையாது.

"இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்றாங்க," என்றாள் அன்று மாலை.

"இரு," என்றேன்.

திரும்பும் விமானத்தில் மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இறங்கும்போதுதான் கேட்டாள்.

"ஏன்ப்பா ஓகே சொன்னீங்க? என்னக் கேக்கவே இல்ல."

அவள் சொன்னது சரிதான். அன்றிரவே தாயை அழைத்துத் தன் கோபத்தைச் சொன்னாள். மாதம் ஒருமுறை வந்தாக வேண்டும் என்று அவளே பேசி முடித்தாள்.

இப்போது மூன்றாவது வருடம். மனைவி தவறாமல் வருகிறாள். விமான நிலையத்திலிருந்து வரும்போது அவளும் மகளும் பின்னிருக்கையில் உட்கார்ந்துகொள்வார்கள். எஞ்சின் சத்தம் இல்லாததால் அவர்கள் கிசுகிசுப்பதும் எனக்குக் கேட்கும். கேட்காததுபோல் ஓட்டுகிறேன்.