பழைய பேப்பர் கட்டு

காப்பித் தோட்டம் கைமாறியபோது பெரும்பாறையில் பாதிப் பேருக்கு வேலை போயிற்று. வேலுத்தாயும் அவர்களில் ஒருத்தி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பத்தாம் வகுப்பு தேறி, எழுபதுகளின் நடுவில் புருஷனோடு கப்பலேறி வந்தவள். இங்கே யாரும் அவள் படிப்பைக் கேட்கவில்லை. பழம் பறிக்கக் கூடையைத்தான் கொடுத்தார்கள். வந்த மறுவருஷமே புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். கையில் ஒரு பெண் குழந்தை.

மற்றத் தோட்டங்களில் கேட்டுப் பார்த்தாள். பறிப்பு முடிந்துவிட்டது என்றார்கள். கூலிக்காரியாகத் தேடியது போதும், படித்தவளாகத் தேடுவோம் என்று முடிவு கட்டினாள். குழந்தையைப் பக்கத்து வீட்டுக் காளியாயியிடம் விட்டுவிட்டு, ஜீப் ஏறிப் பண்ணைக்காட்டுக் கிளை நூலகத்துக்குப் போனாள்.

உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். செய்தித்தாளைத் தாள் தாளாகப் பிரித்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். விளம்பரப் பக்கம் வாழைத் தரகர் நல்லசாமி கையில் இருந்தது.

“பொம்பளைக்கு இங்க என்னம்மா சோலி?” என்றார் அவர்.

“வேலை தேடி வந்திருக்கேங்க. பாத்து முடிச்சதும் அந்தத் தாளைக் குடுங்க. அதுவரைக்கும் நிக்கிறேன்.”

அப்படியே நின்றாள். நூலகர் சேக் பரீது எழுந்து தன் நாற்காலியை அவளுக்குப் போட்டார். மறுநாளிலிருந்து வேலை விளம்பரம் வரும் பக்கத்தைத் தன் மேசையிலேயே எடுத்துவைத்தார். வேலையில்லாதவர்கள் முதலில் பார்க்கட்டும் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார்.

போட்ட மனுக்களில் ஒன்றுக்குத்தான் நேரில் வரச் சொல்லிப் பதில் வந்தது. போகவேண்டிய அன்றைக்கென்று மழையில் மலைப்பாதை சரிந்து, பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. நடந்து இறங்கி, அடிவாரத்தில் வேறு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. மறுநாள் வெள்ளனே மறுபடி நூலகத்தில் இருந்தாள்.

பிறகு கிராம சுகாதார செவிலியர் பயிற்சிக்கு அறிவிப்பு வந்தது. மதுரையில் நேர்காணல். வயது தாண்டிவிட்டது என்றார் எழுத்தர். தாயகம் திரும்பியவர்களுக்கு வயதுச் சலுகை உண்டென்று, கப்பலிறங்கியதும் தங்கவைத்த முகாமில் கேட்டிருந்ததைச் சொன்னாள். அந்த அரசாணையின் எண்ணாவது வேண்டும், திங்கட்கிழமைக்குள் கொண்டுவாருங்கள் என்றார் அவர்.

மலையேறி வந்த அன்று வெள்ளிக்கிழமை, நூலகத்துக்கு விடுமுறை. ஜும்மா தொழுகை முடிந்து வந்துகொண்டிருந்த சேக் பரீது, பூட்டிய கதவருகே அவளைப் பார்த்தார். விவரம் கேட்டுக்கொண்டு சாவியை எடுத்தார். மூலையில் பழைய பேப்பர் கட்டுகள் கூரை உயரத்துக்குக் கிடந்தன. கதவு திறந்திருப்பதைப் பார்த்து உள்ளே வந்த நல்லசாமி ஒரு கட்டை இறக்கி அவிழ்த்தார்.

“என்ன தேடணும்னு வெரசா சொல்லும்மா. இருட்டிரும்.”

வெளிச்சம் மங்கும் வேளையில் அந்தச் செய்தி, ஆணை எண்ணோடு, வேலுத்தாய் கண்ணில்தான் பட்டது. சலுகை உண்டு. பேப்பரை வெளியே கொடுக்க விதியில்லை. சேக் பரீது அதைத் தன் கைப்படப் பார்த்தெழுதி, நூலக முத்திரை குத்திக் கொடுத்தார்.

திங்களன்று எழுத்தர் அந்த எண்ணைத் தம் கோப்பில் சரிபார்த்து அவளை உள்ளே அனுப்பினார். பயிற்சி கிடைத்தது. மகளைக் காளியாயியிடம் விட்டுப் பிரிந்திருந்ததுதான் பெரும்பாடு. லீவு கிடைத்தபோதெல்லாம் மலையேறி வந்து போனாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஜீப்பும் போகாத மலைக் கிராமங்களில் அவளுக்கு வேலை போட்டார்கள். முதல் வாரம் யாரும் கதவு திறக்கவில்லை. இரண்டாவது வாரமும் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். நிறைமாதமாக இருந்த ஒருத்தி வாசலுக்கு வந்து, “உள்ள வாங்கக்கா” என்றாள்.